இரண்டாவது சாவி

அத்தியாயம் 9

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் ஆபீஸ் மேனேஜர் டேவிட்சன் ஒரு பழுப்புக் கவரை எமில்டாவிடம் கொடுத்ததையும், அவள் அதைப் பிரித்துப் பார்க்காமல் கைப்பைக்குள் வைத்ததையும் டெரன்ஸ் பார்த்திருந்தான். என்ன கவர் என்று அவன் மனைவியிடம் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

இன்று வெள்ளிக்கிழமை. ஐந்து நாள் ஒன்றைக் கேட்காமல் இருப்பதும் ஒரு வேலைதான். டெரன்ஸ் அதைச் சம்பளம் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலை எட்டரைக்கு எமில்டா கண்ணாடி முன் நின்று முடியில் கிளிப் போட்டாள். கிளிப் புதிதாக இருந்தது. எப்போது வாங்கினாள், யாருக்காக வாங்கினாள் என்று டெரன்ஸ் யோசித்தான். போன மாதம் அவனே வாங்கிக் கொடுத்தது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு வர ஏழு ஆகும். ஒரு கப்பலுக்கு பேப்பர் எல்லாம் சாயங்காலத்துக்குள்ள முடிக்கணும். டேவிட்சன் சார் இருந்து முடிச்சிட்டுப் போகச் சொன்னாரு."

"அவரும் இருப்பாரா?"

"மேனேஜர் இல்லாம எப்படி?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேட்ட மாதிரி இல்லையே."

டெரன்ஸ் தோசையைப் பிய்த்தான்.

எமில்டா வேலை பார்ப்பது செந்தூர்பாண்டி அண்ணாச்சியின் கிளியரிங் ஏஜென்சியில். துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கும் போகும் சரக்குக்கும் சுங்கத்தில் பேப்பர் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ். டேவிட்சன் மூன்று மாதத்துக்கு முன் சென்னையிலிருந்து மேனேஜராக வந்து சேர்ந்தவன். சட்டையைக் கசங்காமல் போடுவான். வெள்ளி நிறத்தில் மெல்லிய லேப்டாப் வைத்திருந்தான். அதைத் திறந்தால் சத்தமே வராது என்று எமில்டா ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். டெரன்ஸுக்கு அது போதுமாக இருந்தது.

"ஆபீஸ்ல இருக்க ஆறு கம்ப்யூட்டரையும் விண்டோஸுக்கு மாத்தணும்னு உங்க மேனேஜர் சொன்னாராமே?"

"பேச்சு வந்துச்சு. அண்ணாச்சி ஒத்துக்கிடல. டெரன்ஸ் தம்பி போட்டுக் குடுத்தது, அதுல யாரும் கை வைக்கப்படாதுன்னுட்டாரு."

"மேனேஜர் என்ன சொன்னாரு?"

"அவரும் சரின்னுட்டாரு. உங்க வீட்டுக்காரர் நல்லா பத்திரமாத்தான் பண்ணிருக்காருன்னு பாராட்டினாரு."

டேவிட்சன் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. டெரன்ஸ் மிச்சத் தோசையைத் தட்டோடு தள்ளி வைத்தான்.

அந்த ஆறு கம்ப்யூட்டரும் டெரன்ஸின் பெருமை. இரண்டு வருடத்துக்கு முன் ஆபீஸில் யாரோ பில் என்று நினைத்து ஒரு மெயிலைத் திறந்தார்கள். மறுநாள் காலை ஆறு திரையிலும் சிவப்பு எழுத்து. பணம் கட்டினால்தான் ஃபைல்கள் திறக்கும். மூன்று கண்டெய்னர் இறால் துறைமுகத்தில் நின்றது. டெரன்ஸ் மூன்று நாள் வீட்டுக்கு வராமல் பழைய நகல்களைத் தேடி மீட்டான். ஆறிலும் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டான். ஒவ்வொரு டிஸ்க்கையும் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிக் கொடுத்தான். அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு அண்ணாச்சி எல்லார் முன்னாலும் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

இன்ஜினியரிங்கை மூன்றாவது வருடத்தில் விட்டவனுக்கு, அதற்குப் பிறகு கண்டெய்னர் யார்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்து அதையும் விட்டவனுக்கு, வேறு யாரும் எதுவும் போர்த்தியதில்லை.

எமில்டா கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பை தடிமனாக இருந்தது.

*

பத்து மணிக்கு இனிகோ வந்தான். எமில்டாவின் தம்பி. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப்போகும் தோணியில் வேலை. முந்தாநாள்தான் கரைக்கு வந்திருந்தான். கையில் துண்டில் சுற்றிய லேப்டாப்.

"மச்சான், இதக் கொஞ்சம் பாருங்க. அலை ஏறிட்டு."

டெரன்ஸ் முன்னறையில்தான் வேலை செய்வான். மேசை முழுக்க திருப்புளி, பழைய டிஸ்க், ஒயர். அவன் துண்டைப் பிரித்தான். லேப்டாப்பின் ஓரத்தில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது.

"தண்ணி பட்ட ஒடனே என்னல செஞ்ச?"

"வெயில்ல காய வச்சேன்."

"பொறவு?"

"ஆன் பண்ணுனேன். வரல. திரும்ப ஆன் பண்ணுனேன்."

"எத்தன தடவ?"

"மாலத்தீவுல இருந்து தூத்துக்குடி வார வரைக்கும்."

டெரன்ஸ் அவனை ஒரு நிமிடம் பார்த்தான். பிறகு அடிமூடியைக் கழற்றினான். உள்ளே போர்டில் பச்சை பூத்திருந்தது. இந்த ஊரில் அலை ஏறாமலேயே கம்ப்யூட்டர்கள் இப்படித்தான் ஆகும். கடல் காற்று ஜன்னல் வழியே வந்து இரண்டு வருடத்தில் செம்பைத் தின்றுவிடும். டெரன்ஸ் பழைய டூத் பிரஷ்ஷை ஸ்பிரிட்டில் முக்கித் தேய்த்தான். ரேமைக் கழற்றி அதன் தங்கப் பல்லை அழிரப்பரால் துடைத்தான்.

"பொழைக்குமா மச்சான்?"

"சாயங்காலம் சொல்லுதேன். பாஸ்வேர்டு என்ன?"

"தோணி பேரும் ஒண்ணு ரெண்டு மூணும்."

"தோணில எத்தன பேருல?"

"தோணி ஓட்டுத தண்டலோட சேத்து ஒம்பது பேரு."

"அப்ப ஒம்பது பேருக்கும் தெரியும்."

"தெரிஞ்சா என்ன மச்சான்? உள்ள ரெண்டு படமும் நாலு பாட்டும்தான் இருக்கு. உங்களுக்கு எதப் பாத்தாலும் சந்தேகம்."

இனிகோ மிச்சமிருந்த தோசையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். வாயில் தோசையோடு சொன்னான்.

"நேத்து அக்காவப் பாத்தேன். பீச் ரோட்டு ஜூஸ் கடையில. அந்த மேனேஜர் இருக்காருல்லா, அவர் கூட. கூப்பிட்டேன், காதுலயே விழல. ரெண்டு பேரும் தலைய முட்டுத மாதிரி குனிஞ்சு பேசிக்கிட்டு இருந்தாவ."

டெரன்ஸின் கையில் இருந்த பிரஷ் நின்றது.

"எத்தன மணிக்கு?"

இனிகோ மென்றுகொண்டிருந்ததை விழுங்கினான். தப்பான இடத்தில் கால் வைத்துவிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"ஒரு ஆறு இருக்கும். ஆபீஸ் விசயமாத்தான் இருக்கும் மச்சான். ஆபீஸ்ல கரண்டு போயிருக்கும்."

"கரண்டு போனா ஜூஸ் கடைக்குப் போவாங்களா?"

"நான் எதுக்கு வாயத் தொறந்தேன்," என்று இனிகோ தட்டைக் கழுவப் போனான்.

நேற்று எமில்டா ஏழரைக்கு வந்தாள். சர்வர் மெதுவாக இருந்தது, அதனால் லேட் என்று சொன்னாள். ஜூஸ் கடையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

*

இனிகோ மதியச் சாப்பாட்டுக்கு அவன் வீட்டுக்குப் போனான். டெரன்ஸ் சாப்பிடவில்லை. படுக்கையறைக்குப் போனான். எமில்டாவின் லேப்டாப் ஜன்னலோர மேசையில் இருந்தது. மூடிமேல் ஒரு பேனா.

அந்த லேப்டாப்பை அவன்தான் செய்து கொடுத்தான். ஏதோ கம்பெனி கழித்துப்போட்டதை வாங்கி, விசிறியை மாற்றி, புது டிஸ்க் போட்டு, லினக்ஸ் ஏற்றி, மூன்றாவது கல்யாண நாளுக்குக் கொடுத்தான். பாஸ்வேர்டு வைக்கும்போது அவளையே தட்டச் சொன்னான். ஏழு வார்த்தை வை, எனக்கும் சொல்லாதே என்றான். அவள் தட்டி முடிக்கும்வரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். அவள் அதை ஆபீஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள். எங்க வீட்டுக்காரர் என் பாஸ்வேர்டைக்கூடக் கேட்க மாட்டார் என்று. மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்களாம்.

அவன் அவளிடம் சொல்லாதது ஒன்று உண்டு.

டிஸ்க்கைப் பூட்டும்போது ஒரே பூட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவி வைக்கலாம். எந்தச் சாவி போட்டாலும் திறக்கும். டெரன்ஸ் யாருக்குக் கம்ப்யூட்டர் போட்டுக் கொடுத்தாலும், அவர்கள் தங்கள் பாஸ்வேர்டை வைத்த பிறகு, இரண்டாவதாகத் தன்னுடைய சாவியையும் வைத்துவிடுவான். யாரிடமும் சொல்வதில்லை. ஜனங்கள் பாஸ்வேர்டை மறப்பார்கள். அழுதுகொண்டு வருவார்கள். அவன் அரைமணி நேரம் ஏதோ செய்வதுபோல் தட்டிவிட்டுத் திறந்து கொடுப்பான். இதுவரை நாலு பேருக்குத் திறந்திருக்கிறான். நாலு பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். எப்படித் திறந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

எமில்டாவின் லேப்டாப்பிலும் அந்தச் சாவியை வைத்திருந்தான், ஆனால் அதைப் போட்டு ஒருநாளும் திறந்ததில்லை. படிப்பு, வேலை, சேமிப்பு எதிலும் அவன் பேர் சொல்லும்படி இல்லை. ஆனால் எமில்டா அவனை நம்பினாள். இந்த வீட்டில் அவனுக்கு இருந்த மதிப்பு அவ்வளவுதான். அது போனால் மிச்சம் எதுவும் இல்லை என்பது அவனுக்குத் தெரியும்.

தெரிந்துகொண்டே பேனாவை எடுத்துக் கீழே வைத்தான்.

கீபோர்டுக்கு மேலே இருக்கும் ஆன் பட்டன் எப்போதோ உப்பரித்துச் செத்துப்போயிருந்தது. அதற்குப் பதில் சார்ஜர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் மிளகு அளவில் ஒரு பட்டனை அவன் பற்றவைத்திருந்தான். நகத்தால் அழுத்தினான். பென்டிரைவில் இருந்து வேறொரு லினக்ஸை ஓடவிட்டான். அப்படிச் செய்தால் யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று லேப்டாப் தன் குறிப்பில் எழுதிக்கொள்ளாது. டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட மாறாதபடி, படிக்க மட்டும் என்று சொல்லித் திறந்தான். திருடனுக்குக்கூட இவ்வளவு பொறுமை இருக்காது.

இரண்டாவது சாவி போட்டதும் திறந்துகொண்டது.

முதலில் படங்களைப் பார்த்தான். வேளாங்கண்ணி போனது. மணப்பாடு போனது. இனிகோ தோணி மேல் நின்று பல்லைக் காட்டுவது. ஒவ்வொன்றிலும் டேவிட்சனின் தலையைத் தேடினான். இல்லை. பிறகு 'புது' என்று ஒரு ஃபோல்டர்.

உள்ளே கேள்வித்தாள்கள். போட்டோ எடுத்துப் போட்ட பதில் தாள்கள், எமில்டாவின் சாய்ந்த கையெழுத்தில். ஓரத்தில் சிவப்பு மையில் வேறொரு கையெழுத்து. ஒரு விண்ணப்பம். சுங்கத் தரகர் உரிமத்துக்கான தேர்வு.

டெரன்ஸுக்கு அது என்னவென்று தெரியும். ஆபீஸில் அந்தத் தேர்வு எழுதியவன் டேவிட்சன் ஒருவன்தான். பாஸானால் சொந்தப் பெயரில் உரிமம் வாங்கலாம். சொந்தமாக ஆபீஸ் போடலாம். செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்கு எதிரேயே போர்டு மாட்டலாம். நிறையப் பேர் நாலு தடவை எழுதித் தோற்பார்கள்.

முதல் தாளில் முப்பத்தெட்டு மார்க். அடுத்தது ஐம்பத்தொன்று. அறுபத்து நாலு. கடைசித் தாளில் எழுபத்திரண்டு. அதன் கீழே சிவப்பு மை: 'சட்டத்தைப் புரிஞ்சு எழுதுறீங்க. மனப்பாடம் இல்லை. முதல் தடவையிலேயே பாஸ் ஆவீங்க. வீட்டில் சொல்லிட்டீங்களா?'

அதற்குக் கீழே எமில்டா நீல மையில் எழுதியிருந்தாள்: 'இன்னும் இல்லை சார். ரிசல்ட் வரட்டும்.'

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கவரில் இருந்தவை இந்தத் தாள்கள்தான் என்று டெரன்ஸுக்குப் புரிந்தது.

அவன் பயந்ததுபோல் ஒன்றும் இல்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. டேவிட்சனோடு தொடர்பு என்றால் கத்தியிருக்கலாம். அழுதிருக்கலாம். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவன் பக்கம் வந்து உட்கார்ந்திருப்பார்கள். பெண்டாட்டி படிக்கிறாள், எழுபத்திரண்டு மார்க் எடுக்கிறாள் என்று யாரிடம் போய் முறையிடுவது?

காலையில் இருந்த பொறாமைக்கு ஒரு முகம் இருந்தது, கசங்காத சட்டை இருந்தது. இப்போது இருந்தது அதைவிடப் பெரியது. இது எமில்டா மேல். அவள் முடித்துக் காட்டப்போகிறாள். அவன் ஒன்றைக்கூட முடித்ததில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்கிறது. அதனால்தான் வெளியூரில் இருந்து வந்த ஒருவனிடம் சொல்லிவிட்டு, கட்டிலில் பக்கத்தில் படுக்கிறவனிடம் சொல்லாமல் இருக்கிறாள்.

அணைத்தான். பென்டிரைவை உருவினான். பேனாவை இருந்த இடத்தில், இருந்த சாய்வில் வைத்தான்.

*

ஏழே காலுக்கு எமில்டா வந்தாள். கையில் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன்.

"முடிச்சாச்சு. அண்ணாச்சி எல்லாருக்கும் வாங்கிக் குடுத்தாரு. இந்தாங்க."

"பசிக்கல."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். லேப்டாப் ஓடும் சத்தம் டெரன்ஸுக்கு முன்னறை வரை கேட்டது. அவன் இனிகோவின் லேப்டாப்பில் கடைசி ஸ்குரூவைத் திருகிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் எமில்டா லேப்டாப்பைத் திறந்தபடியே தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றக் கையில் அவளுடைய ஆபீஸ் டைரி.

"இத யாரு ஆன் பண்ணுனா?"

"ஏன்?"

"காலையில நான் மூடும்போது நானூத்திப் பன்னிரண்டு. இப்ப நான் ஆன் பண்ணுனதோட நானூத்திப் பதிமூணு இருக்கணும். பதினாலு இருக்கு."

டெரன்ஸ் திருப்புளியைக் கீழே வைத்தான்.

மோட்டார் பைக் ஓடிய கிலோமீட்டரைக் காட்டுவதுபோல, டிஸ்க்கும் தன்னை எத்தனை தடவை உசுப்பினார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளும். எந்த லினக்ஸிலிருந்து வந்தாலும், படிக்க மட்டும் திறந்தாலும், கரண்டு பாய்ந்தால் ஒன்று கூடும். அழிக்க முடியாது. ரிப்பேருக்குக் கொடுக்கும் முன் இந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், டிஸ்க் பொய் சொல்லாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் அவன். எமில்டாவுக்கும் அவன்தான் சொல்லிக் கொடுத்தான். மதியம் அவனுக்கு அது நினைவே வரவில்லை. ஜூஸ் கடைதான் நினைவில் இருந்தது.

"தினமும் எழுதி வைக்கியா?"

"திங்கக்கிழமையில இருந்து."

"எதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை கோவில் வாசல்ல உங்க மூஞ்சியப் பாத்தேன்."

வாசலில் செருப்புச் சத்தம். இனிகோ வந்துவிட்டான்.

"மச்சான், என் பொட்டி உசுரோட இருக்கா?"

டெரன்ஸ் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது.

"காலையில இவன்தான் இங்கன இருந்தான். இவன் நோண்டிருப்பான்."

இனிகோ அக்காவைப் பார்த்தான். மச்சானைப் பார்த்தான். அக்கா கையில் இருந்த லேப்டாப்பைப் பார்த்தான். மச்சானின் கண்ணில் இருந்தது அவனுக்குப் புரிந்தது. காலையில் வாயைத் திறந்து கெடுத்தவன் அவன்தான்.

"ஆமாக்கா," என்றான். "நான்தான். என்னது ரிப்பேர்ல கெடந்துச்சா, பாட்டு கேக்கலாம்னு ஆன் பண்ணுனேன். பாஸ்வேர்டு கேட்டுச்சு. மூடிட்டேன்."

"நீதானா?"

"சத்தியமாக்கா. மாதா மேல சத்தியம்."

"மாதாவ எதுக்குல இழுக்க." எமில்டா லேப்டாப்பை அணைத்து மேசைமேல் வைத்தாள். "சரி. இப்ப ஆன் பண்ணு."

இனிகோ கீபோர்டுக்கு மேலே இருந்த பட்டனை அழுத்தினான். ஒன்றும் நடக்கவில்லை. விரலை எடுக்காமல் பிடித்து அழுத்தினான். கட்டைவிரலால் அழுத்தினான். குனிந்து ஊதிவிட்டு அழுத்தினான்.

"செத்துப்போச்சா மச்சான்? காலையில நல்லா வந்துச்சே!"

எமில்டா கையை நீட்டி, ஓரத்தில் இருந்த மிளகுப் பட்டனை நகத்தால் தட்டினாள். திரை வெளிச்சமானது.

இனிகோ தன் லேப்டாப்பை எடுத்து அக்குளில் வைத்துக்கொண்டான்.

"நான் பொறவு வாரேன்."

"மக்ரூன் எடுத்துக்கோ," என்றாள் எமில்டா, அவனைத் திரும்பிப் பார்க்காமல்.

அவன் பொட்டலத்தோடு எடுத்துக்கொண்டு போனான்.

"அவன எதுக்கு இழுத்து விட்டீங்க?"

"நான்தான் தொறந்தேன்," என்றான் டெரன்ஸ்.

"எப்படி? என்னது ஏழு வார்த்தை. உங்களுக்குத் தெரியாது."

"அதுல இன்னொரு சாவி இருக்கு. என்னுது."

"எப்ப வச்சீங்க?"

"நீ தட்டி முடிச்ச பொறவு. அன்னைக்கே."

எமில்டா நாற்காலியில் உட்கார்ந்தாள். கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"அன்னைக்குச் சுவரப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. நான் தப்பாத் தட்டுனப்பகூடத் திரும்பல நீங்க."

"நீ மறந்துட்டா எடுத்துக் குடுக்கதுக்குத்தான் வச்சேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

"அதச் சொல்லிருக்கலாம்லா."

பதில் இல்லாதபோது செய்வதையே டெரன்ஸ் செய்தான். குரலை உயர்த்தினான்.

"நீ மட்டும் எல்லாத்தையும் சொன்னியா? பரிட்ச எழுதப் போறே. டேவிட்சனுக்குத் தெரியுது. ஜூஸ் கடைக்காரனுக்குத் தெரியுது. எனக்குத் தெரியல."

"சொன்னா சந்தோசப்பட்டிருப்பீங்களா?"

அவன் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

"போன வருசம் எனக்கு சீனியர் போஸ்ட் குடுத்தாங்க," என்றாள் எமில்டா. "ஒம்பது நாள் எங்கூடப் பேசல நீங்க. வீட்டு வைஃபையக் கழத்திக் கழத்தி மாட்டிக்கிட்டு இருந்தீங்க."

"அதுல ஒரு ஓட்டை இருந்துச்சு. அடைச்சேன்."

"ஒம்பது நாளுமா?"

தெருவில் குல்ஃபி வண்டி மணி அடித்துக்கொண்டு போனது.

பிறகு எமில்டாவின் முகம் மாறியது. அழுகையும் இல்லை, கோபமும் இல்லை. சரக்குப் பேப்பரில் ஒரு எண் ஒத்துவராதபோது அவள் முகம் இப்படித்தான் ஆகும்.

"இந்த ரெண்டாவது சாவி எனக்கு மட்டுமா வச்சீங்க?"

டெரன்ஸ் திருப்புளியை டப்பாவுக்குள் போட்டான்.

"கேக்கேம்லா. எங்க ஆபீஸ்ல?"

"ஆறுலயும் இருக்கு."

"அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஆறுக்கும் ஆறு சாவியா?"

"ஒரே சாவிதான்."

"என்னுதுக்கும் அதேதானா?"

"அதேதான்."

எமில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். நாற்பது கம்பெனிகளின் பேப்பர் அந்த ஆறு கம்ப்யூட்டரில் இருக்கிறது. அண்ணாச்சியின் பேங்க் விவரம் இருக்கிறது. ஒரே பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காதே என்று அவளிடம் ஆயிரம் தடவை சொன்னவன் எதிரே உட்கார்ந்திருந்தான்.

"நான் யாரோடதையும் பாத்ததில்ல எமி. சத்தியமா. ஒருநாளும் பாத்ததில்ல."

"நேத்து வரைக்கும் என்னுதையும்தான் பாத்ததில்ல."

டெரன்ஸ் எழுந்தான். "நாளைக்கு நானே போய் எடுத்திருதேன். பத்து நிமிசம் போதும். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாமத்தானே வச்சீங்க."

அவள் போனை எடுத்தாள். டெரன்ஸ் ஒரு அடி முன்னால் வந்தான். அவள் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றான். அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல், அவனுக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"சொல்லு தாயி," என்றார் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. "வீட்டுக்குப் போய்ச் சேந்துட்டியா?"

"சேந்துட்டேன் அண்ணாச்சி. நாளைக்குக் காலையில யாரும் கம்ப்யூட்டர ஆன் பண்ண வேண்டாம்னு சொல்லிருங்க."

"ஏன், திரும்பவும் அந்தச் சிவப்பு எழுத்து வந்துட்டா?"

"இல்ல அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் ஒம்பது மணிக்கு அங்கன வாராரு. என்ன விசயம்னு அவரே எல்லாத்தையும் சொல்லுவாரு."

"டெரன்ஸ் தம்பியா வாராரு? அப்ப எனக்கு என்ன கவலை! அவர் கை பட்டா எல்லாம் பத்திரம்தான்." அண்ணாச்சி சிரித்தார். "வச்சிரட்டுமா தாயி?"

எமில்டா டெரன்ஸைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவனுக்கு முன்பே தெரிந்துவிட்டது.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி. டேவிட்சன் சாரையும் கூட இருக்கச் சொல்லுங்க."